நாலாவது பேர்

மூன்று பேரை வேலைக்கு அனுப்பிய இடத்தில் நாலு பேருடைய வேலை முடிந்து கிடந்தது. சிவசக்தி கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கவும் மறந்து, திரையை மேலிருந்து கீழாக இன்னொரு தரம் படித்தாள். கருப்பம்மா, முடிந்தது. வடிவம்மா, முடிந்தது. தர்மலிங்கம், முடிந்தது. அதற்கும் கீழே, சும்மா ஒப்புக்கு எழுதி வைத்திருந்த பேருக்கு நேரே: ரமணன், முடிந்தது.

காலை ஆறேகால். ஜன்னலுக்கு வெளியே பனி வெள்ளையாக அடைத்து நின்றது. ஊசிமலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் ஆள் நடமாட்டம் நின்று ஆறு வருடமாகிறது. இந்த நேரத்தில் யாரையாவது கூப்பிட்டு, இங்கே வந்து இதைப் பாருங்கள் என்று சொல்லக்கூட அவளுக்கு ஆள் கிடையாது.

அந்த மூன்று பேரும் ஆட்கள் இல்லை. கிராபிக்ஸ் கார்டுகள். ஒரே கம்ப்யூட்டருக்குள் குத்தி வைத்திருந்த மூன்று கார்டுகளுக்கு அவள் வைத்த பேர்கள். உலகத்தில் எங்கெங்கோ மலைச்சரிவுகளில் புதைத்திருக்கும் கருவிகள் மண்ணின் அசைவை நாள் முழுக்கப் பதிந்துகொண்டே இருக்கின்றன. அத்தனை பதிவையும் ஓரிடத்தில் வைத்து அலசி முடிக்க எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. அதனால் அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, உதவ மனமுள்ளவர்களின் வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். அந்தந்த வீட்டுக் கார்டு தனக்கு வந்த துண்டைச் சலித்து, மண் எங்கே நழுவப் பார்க்கிறது என்று கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பும். கூலி கிடையாது, நன்றிகூட எப்போதாவதுதான். சிவசக்திக்கு அது பற்றிக் கவலையும் இல்லை.

ஆனால் எல்லாக் கார்டுக்கும் எல்லா வேலையும் ஒத்துவராது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இவள் கொழுந்துக்கு, இவன் கவ்வாத்துக்கு, அந்தக் கிழவி புல்லுக்கு என்று கையைப் பார்த்தே பிரித்துவிடுவார்களே, அந்த மாதிரிப் பிரித்துவிட வேண்டும். வடிவம்மா புதுசு, சின்னது, துடுக்கு. ஆனால் தசமத்துக்குப் பின்னால் நாலு இலக்கம் போனால் முகத்தைச் சுளித்துக்கொள்ளும். அவளுக்கு அரை நுணுக்க வேலை. தர்மலிங்கம் பெரிய ஞாபகக்காரர். நீளமான பதிவு எதையும் ஒரே மூச்சில் விழுங்குவார். கருப்பம்மா பழசு, காற்றாடி கடகடக்கும். ஆனாலும் கொடுத்த வேலையைப் போட்டுவிட்டுப் போகாது. தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்கே பேர் என்றுதான் பேர். முழு நாள் நின்றால் முழுப்பேர், பாதியில் திரும்பினால் அரைப்பேர். அதே பழக்கத்தில் சிவசக்தி அரை நுணுக்க வேலைக்கு அரைப்பேர் என்றும் முழு நுணுக்க வேலைக்கு முழுப்பேர் என்றும் பேர் போட்டு, தினமும் காலையில் அந்தப் பட்டியலைத் திறந்து வாய்விட்டுக் கூப்பிடுவாள். பேச வேறு யார் இருக்கிறார்கள்?

போன மாதம்தான் இரட்டை நுணுக்க வேலை வர ஆரம்பித்தது. அதுவும் வேறெங்கோ இருந்து அல்ல. அவள் இருக்கும் கட்டடத்தின் பின்புறம், இதே சரிவில் புதைத்த கருவியின் பதிவு. மூன்று கார்டும் தொட்ட மாத்திரத்தில் கையை உதறிவிட்டன. வேண்டாம் என்று தள்ளியிருக்கலாம், வேறு எவனாவது செய்திருப்பான். ஆனால் அவளுக்கு மனசு வரவில்லை. நம்ம மலை முனகுவதை ஊர் பேர் தெரியாத எவனோ உட்கார்ந்து கேட்பதா? பட்டியலில் நாலாவதாக ஒரு வரி சேர்த்தாள். கார்டு இல்லாத வெறும் வரி. ரமணன், இரட்டை. அவன் பேரில் சும்மா கிடக்கட்டும் என்று நினைத்தாள்.

ரமணன் அவளுடைய தம்பி. ஆறு வருடத்துக்கு முந்தி மண்ணுக்குள் போனவன். உடம்பு கிடைக்கவில்லை.

அந்த வேலைதான் இப்போது முடிந்து கிடந்தது. சரிபார்க்க என்று இதே துண்டை இன்னொரு நாட்டில் இன்னொருவருக்கும் கொடுத்திருப்பார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வார்கள். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒத்துப்போயிருந்தது. ஓர் இலக்கம் பிசகவில்லை.

பதுளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நஸீருக்கு போன் போட்டாள். கருப்பம்மாவும் வடிவம்மாவும் அவரிடம் வாங்கியவை.

"நாலாவதா? எங்கிட்ட வாங்கினது ரெண்டு, ஆப்பீசால தந்தது ஒண்டு. மூணுதானே தங்கச்சி?" என்றார் நஸீர்.

"ஆமாங்க நானா. மூணுதான் இருக்கு. ஆனா நாலு வேல முடிஞ்சிருக்கு."

"இல்லாத கார்டு எப்புடி வேல செய்யும்? பட்டியல்ல எங்கயோ புழ விட்டிருப்பீங்க. அந்த வரிய அழிச்சிட்டு மறுபடி போட்டுப் பாருங்க." வைக்கப்போனவர் மறுபடி கேட்டார். "நீங்க இன்னும் அந்த மலையில தனியாவா இருக்கீங்க?"

"பழகிருச்சுங்க," என்றாள். போனை வைத்த பிறகு, அழிக்க வேண்டிய வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அழிக்காமலே எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்தக் கட்டடம் முன்பு பிள்ளை மடுவமாக இருந்தது. கொழுந்துக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம். தொட்டில் கட்டுவதற்கு உத்தரத்தில் அடித்த இரும்புக் கொக்கிகள் இன்னும் வரிசையாகத் தொங்குகின்றன. சுவரில் யாரோ தீட்டிய யானை பாதி உதிர்ந்து தும்பிக்கை மட்டும் மிச்சம். மண்சரிவுக்குப் பிறகு கீழ்ப்பிரிவைப் பூட்டி, எல்லாரையும் அடிவாரத்தில் கட்டிய புது வீடுகளுக்கு அனுப்பினார்கள். கருவி புதைத்த ஆட்கள் இந்த மடுவத்துக்கு மின்சாரமும் இன்டர்நெட்டும் இழுத்து, மழைமானியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டபோது, கூட்டத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சிவசக்தி கை தூக்கினாள். இவளுக்குப் பைத்தியம் என்று நாலு பேர் காதுபடவே பேசினார்கள். பேசட்டும். தம்பி இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேறு என்ன வழி இருந்தது அவளுக்கு?

அன்று பகல் முழுக்கப் பனி விலகவில்லை. உள்ளே மூன்று காற்றாடிகளின் சத்தம் அவளுக்கு மனப்பாடம்: கருப்பம்மாவின் கடகடப்பு, வடிவம்மாவின் கொசு ரீங்காரம், தர்மலிங்கத்தின் கனத்த ஊதல். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருப்பது காதில் பட்டது. மெதுவானது. இழுத்து, நின்று, விட்டு, மறுபடி இழுப்பது. மூக்கடைத்துப் படுத்திருக்கிறவன் வாயால் மூச்சு விடுகிற சத்தம். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தாள். அதிலிருந்து வரவில்லை. சிவப்புச் சாயம் பூசிய சிமெந்துத் தரையில் காதை வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள். சோறு அதற்கு மேல் இறங்கவில்லை.

புதன்கிழமை காலையில் ரமணன் பேரில் இரண்டாவது துண்டும் முடிந்திருந்தது. அறை முழுக்கப் பச்சை மண் வாடை. மழைத்தண்ணி ஓட வெட்டிய கான் ஓரத்தில் வருமே, அந்த வாடை. வேர் அறுந்த மானாப் புல்லின் வாடையும் அதில் கலந்திருந்தது. கதவிடுக்கு வழியாக வருகிறது என்று சாக்கைத் திணித்தாள். வாடை கூடியதே தவிரக் குறையவில்லை.

கார்டுகள் எவ்வளவு சூடாக ஓடுகின்றன என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. தினம் பார்ப்பாள், கருப்பம்மா எண்பதைத் தாண்டினால் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுப்பாள். அன்று கருப்பம்மா எழுபத்தெட்டு. வடிவம்மா அறுபத்தைந்து. தர்மலிங்கம் எழுபது. ரமணன் முப்பத்தொன்பது புள்ளி நாலு.

இவ்வளவு குறைந்த சூட்டில் எந்தக் கார்டும் வேலை செய்யாதே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அந்த எண் அவளை விடவில்லை. எங்கேயோ பார்த்த எண்ணாகவும் இருந்தது, பார்க்காத எண்ணாகவும் இருந்தது. மழைமானியை அளந்து எழுதும்போதும் மண்டைக்குள் அதுதான். பின்னேரம், எதற்கென்று தெரியாமலே, போனில் அதைப் பாரன்ஹைட்டுக்கு மாற்றிப் பார்த்தாள்.

நூற்று மூன்று.

போன் கைநழுவி விழுந்தது. ஆறு வருடத்துக்கு முந்தி, மலை சரிந்த அன்று காலை, பிள்ளை மடுவத்தில் இரவல் வாங்கிய தெர்மாமீட்டரைத் தம்பியின் கக்கத்திலிருந்து எடுத்து, விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தவள் அவள்தான். அதில் நின்ற எண் அவளைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

விழுந்த போன் தரையில் கிடந்தபடியே அடித்தது. நிரோஜா. ரமணனின் மனைவி, அடிவாரத்துப் புது வீட்டில் ஆறு வயது விதுஷாவோடு இருப்பவள். அப்பா போன அடுத்த மாதம் பிறந்த பிள்ளை அது.

"மதினி, வெள்ளிக்கிழம கிராம சேவகர் வர்றாரு. வீட்டு உறுதி எம்பேருக்கு மாத்தணும்னா அவரு பேர குடும்பப் பட்டியல்ல இருந்து வெட்டணுமாம். கூடப்பொறந்தவங்க கையெழுத்தும் வேணும்னு சொல்றாங்க. இந்தத் தடவயாச்சும் வந்துருங்க மதினி."

சிவசக்தி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"மூணு தடவ தள்ளிப் போட்டாச்சு. எனக்கு மட்டும் ஆசயா? அவரு பெரட்டுக்குப் போனவரு, எங்களுக்குன்னு என்னமோ எடுக்க லயத்துக்குத் திரும்பி ஓடிருப்பாரு. அத நெனச்சா எனக்கும் நெஞ்சு அடைக்குதுதான். என்னா செய்யச் சொல்றீங்க?" என்றாள் நிரோஜா. "மழைக்கு வேற சேப்பு எச்சரிக்க விட்டிருக்காங்க. ரஜீவண்ணன வெள்ளிக்கிழம காலையில ஆட்டோவோட வளைவுக்கு அனுப்புறேன். மதினி... இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள் சிவசக்தி. அந்த ஒரு சொல் வாயிலிருந்து வந்ததும் போனை வைத்துவிட்டாள்.

இருக்கான். அன்று அவள் சொன்னதும் அதுதான்.

நிரோஜாவுக்குத் தெரியாது. ரமணன் அன்றைக்குப் பெரட்டுக்குப் போகவே இல்லை. காய்ச்சலில் கொதித்தவனை, "படுடா, நான் பாத்துக்கிறேன்," என்று கம்பளியால் மூடிவிட்டுப் போனவள் இவள். நிரோஜா பிள்ளைப்பேறுக்கு மொனராகலையில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். பெரட்டில் கணக்கப்பிள்ளை கஜேந்திரன் ஐயா ஆள்பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து வழக்கம் போல நீட்டிக் கூப்பிட்டார். "ரமணாஅன்!" உடனே இவள், "பின்னால வர்றான்யா, பேரப் போடுங்க," என்றாள். ஒருத்தருக்கு முடியாத நாளில் இன்னொருத்தர் பேர் கொடுப்பது தோட்டத்தில் எல்லாரும் செய்கிற காரியம்தான். அவர் போட்டுவிட்டார்.

ஐந்தாம் நம்பர் மலையில் ஏறிக் கொழுந்தில் கை வைத்தபோது கீழே சத்தம் கேட்டது. லொறியில் கருங்கல் கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காமல். பனியில் ஒன்றும் தெரியவில்லை. கஜேந்திரன் ஐயா அங்கேயே புத்தகத்தை விரித்து, யார் மேலே, யார் கீழே லயத்து வரிசை வீடுகளில் என்று பார்க்க மறுபடி பேர் கூப்பிட்டார். வாய் திறக்காத பேருக்கெல்லாம் அவரவர் லயத்து அறையான காம்பராவின் நம்பரைக் குறித்துக்கொண்டார். ரமணன் பேர் வந்தது. சிவசக்தியின் வாய் சொன்னது, "இருக்கான்யா."

ஏன் சொன்னாள்? பேர் கொடுத்தது தெரிந்துவிடும் என்ற பயமா? அதுவும் இருக்கலாம். ஆனால் அதைவிட, இல்லை என்று சொன்னால் அந்த நிமிஷமே இல்லாமல் போய்விடுவான் என்று பயந்தாள். ஆட்கள் மண்வெட்டியோடு ஓடி, குறித்த காம்பராக்களைத் தோண்டினார்கள். அக்காவும் தம்பியும் இருந்த எட்டாம் நம்பர் காம்பராவை ஒருத்தரும் தொடவில்லை. அதில்தான் ஆள் இல்லையே. அவளுக்குக் குரல் வந்து, தம்பி லயத்துக்குத் திரும்பி ஓடினான் என்று மட்டும் சொன்னபோது உச்சி நேரம். எட்டாம் நம்பரில் மண்வெட்டி விழுந்த கொஞ்ச நேரத்தில் மலை இரண்டாம் முறை வந்தது. தோண்டிக்கொண்டிருந்த கஜேந்திரன் ஐயா கக்கத்தில் இடுக்கிய புத்தகத்தோடு போனார். ஒன்பது பேர் கடைசி வரை கிடைக்கவில்லை.

அந்தப் புத்தகம் இன்னும் கீழேதான் கிடக்கிறது. அதில் ரமணன் இருக்கிறான்.

இதை அவள் ஒரு ஜீவனிடமும் சொன்னதில்லை. கையெழுத்துப் போட்டால் அவன் பேர் வெட்டப்படும். அதைவிட, பேனாவைக் கையில் எடுத்ததும் நிரோஜாவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் மூன்று தடவை தள்ளிப் போட்டாள். வியாழக்கிழமை பூராவும் பெய்த மழையைக் கேட்டுக்கொண்டு, தரைக்கடியில் இழுத்து இழுத்து விடுகிற மூச்சையும் கேட்டுக்கொண்டு, முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். போதும் என்று ஆகிவிட்டது. "நாளைக்குப் போறேன்டா. போய்ச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுறேன். உம்பேர வெட்டுறேன். என்னய விட்டுரு," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். மூச்சு ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தது.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு மழை விட்டிருந்தது. பனி மட்டும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சிவசக்தி சேலையை மாற்றி, பையில் அடையாள அட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். தூரத்தில், கீழே வளைவில், ஆட்டோ ஹாரன் அடித்தது. ரஜீவ் வந்துவிட்டான். சரிவில் மூக்கை நீட்டக்கூடாது என்று வண்டியை அங்கேயே நிறுத்தியிருப்பான். அந்த ஹாரன் அவள் காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. ஓர் ஆள். மூச்சு விடுகிற, வெற்றிலை போடுகிற, திட்டுகிற ஓர் ஆள்.

கிளம்புமுன் அந்த வரியை அழித்துவிடலாம் என்று திரைக்கு முன்னால் குனிந்தாள். ரமணன் பேரில் ஒரு துண்டு ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றேழு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்ணூற்றெட்டு. முடியட்டுமே, பாவம், கடைசி வேலை. நூறு ஆனது. மண்ணின் அசைவைக் காதுக்குக் கேட்கிற சத்தமாக மாற்றித் தரும் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. ஒரு தரம் கேட்டுவிட்டுப் போகலாம். ஆறு வருடமாக அவன் இருக்கும் மண் அது. ஒரே ஒரு தரம்.

அமுக்கினாள்.

நீளமாக ஓர் இழுப்பு. பின்னால் குட்டையாக ஒரு தட்டல். கொஞ்சம் இடைவெளி. மறுபடி நீளமாக ஓர் இழுப்பு, குட்டையாக ஒரு தட்டல். நீர் ஓடுகிற சத்தமும் இல்லை, கல் உருள்கிற சத்தமும் இல்லை. இந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டே அவள் உதடு தானாக அசைந்தது. முதல் காம்பரா, மூக்காயி. தட்டல். இரண்டாம் காம்பரா, செல்லமுத்து. தட்டல். அவர் மகன் லோகேஸ். தட்டல்.

பெரட்டு.

நீட்டிக் கூப்பிடுவது. இருக்கேன் என்பது. நீட்டிக் கூப்பிடுவது. இருக்கேன் என்பது.

கீழே ரஜீவ் இரண்டாம் முறை ஹாரன் அடித்தான். போகணும். கால் நகரவில்லை. நாலாம் காம்பரா. தட்டல். ஐந்து. தட்டல். ஆறில் இரண்டு பேர். தட்டல். தட்டல். கிடைக்காத பேர்கள் மட்டும். வரிசை மாறாமல். இழுப்பு இப்போது இழுப்பாக இல்லை. அதற்குள் தொண்டை இருந்தது. மண் அடைத்த தொண்டை.

"ரமணாஅன்."

தட்டல் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. அவள் காலுக்கடியில் தரையில் விழுந்தது. ஒரே ஒரு தரம்.

ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினாள். கருப்பம்மா நின்றது. வடிவம்மா நின்றது. தர்மலிங்கமும் நின்றது. அறையில் வேறு சத்தம் இல்லை. மூச்சு மட்டும். ரொம்பப் பக்கத்தில்.

எட்டாம் காம்பராவில் இன்னொரு பேர் உண்டு. புத்தகத்தில் தம்பிக்கு அடுத்த வரி.

"சிவசக்திஇ."

வயர் இல்லாமலே கேட்டது. தரையிலிருந்து, சுவரிலிருந்து, உத்தரத்துக் கொக்கிகளிலிருந்து. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். சொல்லக்கூடாது. மூன்று தரம் கூப்பிடுவார்கள். மூன்று தரமும் பதில் இல்லை என்றால் அன்றைக்குப் பேர் கிடையாது, விட்டுவிடுவார்கள். அதுதான் வழக்கம். மூன்று தரம்தான்.

"சிவசக்திஇ."

பல் கையில் பதிந்தது. ரத்தம் உப்பாக இருந்தது. கீழே ஹாரன். பொறு ரஜீவ். இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

"சிவசக்திஇ."

அவள் மூச்சுகூட விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். அமைதி. புத்தகத்தின் பக்கம் புரளும் சத்தம். முடிந்தது. அய்யோ சாமி, முடிந்தது. கையை வாயிலிருந்து எடுத்தாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து, காய்ச்சலில் கட்டிப்போன குரலில், அவளுக்குத் தெரிந்த குரலில், பதில் போனது.

"அக்கா இருக்குங்கய்யா. பேரப் போடுங்க."

திரையில் நாலாவது வரிக்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி ஏறியது. சிவசக்தி, முழுப்பேர். வளைவில் ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, பிறகு பாதியில் நின்றது. ஜன்னலின் வெள்ளை கீழ்ச்சட்டத்திலிருந்து மேலாக, சத்தமே இல்லாமல், செம்மண் ஏறிச் சிவப்பாகிக்கொண்டு வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த அவள் கைக்குள் ஒரு கை வந்து புகுந்துகொண்டது. விரலிடுக்கெல்லாம் ஈரமண். உள்ளங்கை நெருப்பாகக் கொதித்தது.